ரவை தடவாத மிருதங்கம்

(மாவட்ட அளவிலான ஆசிரியர் பணிமனை ஒன்றில் மேல்நிலை இயற்பியல் ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வகுப்பறைக்கு வெளியே உள்ள அறிவியலைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டிருந்தார்கள். வெளியே வெகுதூரம் போகவில்லை. என் வீட்டுக் கூடத்தில் மூன்று வாரம் நான் திண்டாடிய கதையைத்தான் சொல்லப் போகிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் இங்கே இருக்கிறீர்கள். சூத்திரம் எதுவும் எழுத மாட்டேன். ஒரே ஒரு வகுத்தல் கணக்கு மட்டும் வரும்.

எங்கள் வீட்டில் அப்பா காலத்து ஸ்டீரியோ செட் ஒன்று உண்டு. ஒரு ஆம்ப்ளிஃபையர், முழங்கால் உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள். அப்பா காலமான பிறகும் அம்மா தினமும் காலையில் அதில்தான் கச்சேரி கேட்பார். அம்மாவுக்குக் கண்பார்வை பெரிதும் குறைந்துவிட்டது. தொலைக்காட்சி, செய்தித்தாள் இரண்டும் அவருக்கு இல்லை. அந்த ஒரு மணி நேரம்தான் அவருடைய நாள்.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் ஆம்ப்ளிஃபையரிலிருந்து கருகிய வாடை வந்தது. டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. பழுது பார்க்கும் செலவைக் கேட்டுவிட்டுப் புதிதாகவே ஒன்று வாங்கினேன். வயர்களைக் கழற்றி, முனைகளில் செம்பு கறுத்துப் போயிருந்த பகுதியை வெட்டிவிட்டு, புதிதாகச் சீவி, திருகி, மாட்டினேன். ஸ்பீக்கர் வயரைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கம்பிகள் ஒட்டியபடி இருக்கும். அடையாளத்துக்கு ஒன்றின் மேல் கறுப்புக் கோடு ஓடும். கோடு போட்டதைக் கறுப்பு முனையிலும் மற்றதைச் சிவப்பு முனையிலும் மாட்ட வேண்டும். அப்படியே செய்தேன், இரண்டு பக்கமும்.

மறுநாள் காலையில் அம்மா கச்சேரி கேட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஏன்டா, மிருதங்கத்துக்கு ரவை தடவ மறந்துட்டாங்களா?" என்றார்.

மிருதங்கம் வாசிப்பவர்கள் கச்சேரிக்கு முன் இடப்பக்கத் தோலின் நடுவில் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள். அந்தக் கனம் ஏறினால்தான் தொப்பிப் பக்கம் 'தொம்' என்று ஆழமாகப் பேசும். ரவை இல்லாவிட்டால் வெறும் தட்டல்தான் கேட்கும். எடை கூடினால் அதிர்வெண் குறையும் என்று நாம் நடத்துவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. அது வேறொரு நாளைக்கு. அம்மா சொன்னது முற்றிலும் சரி. பாட்டு இருந்தது, வயலின் இருந்தது, வலந்தலையின் 'நம்' கணீரென்று இருந்தது. 'தொம்' மட்டும் எங்கோ அடுத்த தெருவில் கேட்டது. கடைக்காரர்கள் மொழியில் சொன்னால், பேஸ் இல்லை.

மாற்றியது ஆம்ப்ளிஃபையர் ஒன்றைத்தான். ஆகவே குற்றவாளியும் அதுதான். அப்படித்தான் முடிவு செய்தேன். இந்த முடிவு தவறு என்று இப்போது சொல்லிவிடுகிறேன், ஆனால் எவ்வளவு நியாயமாகத் தெரிகிறது பாருங்கள்.

முதலில் பேஸ் குமிழைக் கடைசி வரை திருப்பினேன். கனமான ஒரு உறுமல் வந்ததே தவிர, மிருதங்கம் வரவில்லை. அடுத்து 'லவுட்னஸ்' என்றொரு பொத்தான் கண்ணில் பட்டது. மெதுவாகக் கேட்கும்போது நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் மற்றவற்றைவிட அதிகமாகக் குறைந்து தெரியும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இல் அளந்து காட்டிய சங்கதி இது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் அந்தப் பொத்தான். பழைய பெட்டியில் அது எப்போதும் அழுத்தியே இருந்திருக்க வேண்டும், அதனால்தான் இந்த வித்தியாசம் என்று எனக்குள் ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டேன். அழுத்தினேன். கொஞ்சம் மேம்பட்டது போல இருந்தது. "இப்ப எப்படிம்மா?" என்றேன். "பரவாயில்ல" என்றார். அம்மா 'பரவாயில்லை' என்றால் சரியில்லை என்று பொருள்.

பிறகு ஸ்பீக்கர்களைச் சுவரோரம் தள்ளினேன், மூலையில் வைத்தேன், அம்மாவின் கட்டிலை நகர்த்தினேன். சுவரும் மூலையும் தாழ்ந்த ஒலியைக் கூட்டித் தரும் என்பது உண்மைதான். அதிலும் கொஞ்சம் கூடியது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடியதுதான் தொல்லை. ஒன்றுமே மாறாமல் இருந்திருந்தால் வழி தவறு என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மூன்றாவது வாரம் ஆம்ப்ளிஃபையரைப் போர்வையில் சுற்றிப் பேருந்தில் கடைக்குக் கொண்டுபோனேன். கோபமாகத்தான் போனேன். கடைக்காரர் எதுவும் பேசவில்லை. தன்னுடைய ஸ்பீக்கர்களில் மாட்டிப் பாட்டைப் போட்டார். மேசை அதிர்ந்தது. "பொருள் நல்லாத்தான் இருக்கு சார். வீட்ல ஒயரிங் ஒரு தடவை பாருங்க" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் பிசிக்ஸ் வாத்தியாருங்க" என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, போர்வையை மறுபடி சுற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தேன். பேருந்துக் குலுக்கலில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று உடனே பார்த்துவிட நினைத்து, இடப்பக்க ஸ்பீக்கரை மட்டும் மாட்டி, அதே கச்சேரியைப் போட்டேன். உள்ளறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "இப்ப சரியாயிடுச்சே! என்னடா பண்ணினே?"

நான் ஒன்றும் செய்யவில்லை. பாதிதான் மாட்டியிருந்தேன். ஆனால் அவர் சொன்னது சரி. 'தொம்' வந்துவிட்டது. அணைத்துவிட்டு வலப்பக்கத்தையும் மாட்டி மறுபடி போட்டேன். 'தொம்' போய்விட்டது. வலப்பக்கத்தைக் கழற்றினேன், வந்தது. ஒரு ஸ்பீக்கரில் இருக்கும் ஒலி, இரண்டாவதும் சேர்ந்தால் காணாமல் போகிறது.

கையில் வயரோடு நின்றபோது எனக்கு நினைவுக்கு வந்தது சூத்திரம் இல்லை. ஒரு பையன் வந்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், பதினொன்றாம் வகுப்பில் அலைகள் பாடம். மேற்பொருந்துதல் தத்துவம், ஆக்கக் குறுக்கீடு, அழிவுக் குறுக்கீடு என்று இரண்டு படங்களைப் பலகையில் வரைந்திருந்தேன். முகடும் முகடும் சேர்ந்தால் பெரிய அலை. முகடும் அகடும் சேர்ந்தால் நேர்க்கோடு. மூன்றாவது வரிசையில் இருந்த அந்தப் பையன் எழுந்து கேட்டான்: "சார், ரெண்டு சத்தம் சேர்ந்து சத்தமே இல்லாம போறதை நீங்க கேட்டிருக்கீங்களா?" வகுப்பு சிரித்தது. அவன் கேலிக்காகக் கேட்கவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும். "அதெல்லாம் பரீட்சைக்கு வராதுப்பா. படத்தைச் சரியா வரை, ரெண்டு மார்க்" என்று உட்கார வைத்துவிட்டேன். உண்மையான பதில் 'இல்லை' என்பது. நான் கேட்டதில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று வாரமாக என் வீட்டுக் கூடத்தில் தினமும் காலையில் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

சரி, நடந்தது என்ன? ஸ்பீக்கரின் கூம்பு முன்னே வந்தால் காற்று அழுந்தும், பின்னே போனால் தளரும். இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றாக முன்னே வந்து ஒன்றாகப் பின்னே போக வேண்டும். ஏதாவது ஒன்றில் சிவப்பும் கறுப்பும் மாறிவிட்டால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். காதுக்கு வந்து சேரும்போது இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். அப்படியானால் பாட்டு மொத்தமும் அல்லவா அழிய வேண்டும், பேஸ் மட்டும் ஏன் போகிறது? இங்கேதான் அந்த வகுத்தல் கணக்கு.

நம் ஊர் வெப்பநிலையில் ஒலியின் வேகத்தை நொடிக்கு 350 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் 350-ஐ 50-ஆல் வகுக்க 7 மீட்டர். 5000 ஹெர்ட்ஸுக்கு 7 சென்டிமீட்டர். இப்போது அம்மா உட்காரும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு ஸ்பீக்கர் அவருக்கு மற்றதைவிட அரை மீட்டர் அதிகத் தூரத்தில் இருந்தாலும், 7 மீட்டர் அலைக்கு அந்த அரை மீட்டர் பதினான்கில் ஒரு பங்குதான். அதனால் முகடும் அகடும் ஏறத்தாழ நேருக்கு நேராகவே வந்து சேரும். நாற்காலியை எங்கே நகர்த்தினாலும் தப்பிக்க முடியாது. 7 சென்டிமீட்டர் அலைக்கு நிலைமையே வேறு. தலையை லேசாகத் திருப்பினாலே பாதை வேறுபாடு மூன்றரை சென்டிமீட்டர் மாறிவிடும், அதாவது அழிவு ஆக்கமாகிவிடும். ஒரு காதில் குறைந்தது மறு காதில் கூடியிருக்கும். சுவர்களில் பட்டு வருவதும் கலந்துகொள்ளும். ஆகவே மேல் ஒலிகள் பிழைத்துக்கொள்கின்றன. தாழ்ந்த ஒலிகள் மாட்டிக்கொள்கின்றன. பெரும்பாலான ஒலிப்பதிவுகளில் தாழ்ந்த ஒலிகள் இரு பக்கமும் சம அளவில் வரும்படிதான் வைத்திருப்பார்கள் என்பதால் கழித்தல் இன்னும் துல்லியமாகிவிடுகிறது. பழைய திரைப்பாடல்கள் போன்ற மோனோ பதிவுகளில் இரு பக்கமும் ஒரே ஒலி. அவற்றில் பாடுகிறவர் எந்தத் திசையில் இருக்கிறார் என்றே தெரியாது. அம்மா அதையும் இரண்டாம் நாளே சொல்லியிருந்தார், "ஆள் நடுவுல இல்லடா, தலைக்குள்ள பாடுற மாதிரி இருக்கு" என்று. நான் காதில் வாங்கவில்லை.

பேஸ் குமிழைத் திருப்பியது ஏன் பயன்படவில்லை என்பதும் இப்போது தெரிந்திருக்கும். ஐந்தில் ஐந்து போனால் பூஜ்யம். இரண்டையும் பத்தால் பெருக்கி, ஐம்பதில் ஐம்பது போனாலும் பூஜ்யம்தான்.

ஆனால் நான் வயர்களைச் சரியாகத்தானே மாட்டியிருந்தேன்? கோடு கறுப்பில், மற்றது சிவப்பில். ஸ்பீக்கர் முனையிலும் போய்ப் பார்த்தேன். இரண்டிலும் அப்படியேதான் இருந்தது. அதனால் ஒன்றரை வோல்ட் டார்ச் செல் ஒன்றை எடுத்தேன். ஆம்ப்ளிஃபையரிலிருந்து வயர்களைக் கழற்றிவிட்டு, வயரின் இந்த முனையில் செல்லை ஒரு கணம் தொட வைத்தேன், கோடு இல்லாத கம்பிக்கு நேர்முனை. வலப்பக்க ஸ்பீக்கரில் 'டப்' என்று கூம்பு முன்னே வந்தது. இடப்பக்கத்தில் அதே 'டப்', ஆனால் கூம்பு உள்ளே போனது.

பீரோவை நகர்த்தினேன். பின்னால் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு ஒன்று இருந்தது. ஸ்பீக்கரைத் தள்ளி வைப்பதற்காக எப்போதோ அப்பா வயரை நீட்டியிருக்கிறார். அந்த ஒட்டில் கோடு போட்ட கம்பி கோடு இல்லாததோடு சேர்ந்திருந்தது. அப்பா செய்த தவறு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நினைவு வந்தது. புது ஆம்ப்ளிஃபையர் மாட்டிய அன்று, கறுத்துப்போன முனைகளை வெட்டினேன் என்றேன் அல்லவா? இடப்பக்க வயரில், கோடு போட்ட கம்பியின் முனையில், சிவப்பு டேப் ஒரு சுற்று சுற்றியிருந்தது. பழைய பிசுக்கு என்று நினைத்து அதையும் சேர்த்துத்தான் வெட்டிப் போட்டேன். தவறு நடந்ததை அப்பா கண்டுபிடித்திருக்கிறார். பீரோவை நகர்த்தி ஒட்டைப் பிரிப்பதற்குப் பதில், இந்த முனையில் அடையாளம் வைத்துச் சரிசெய்திருக்கிறார். அப்பா படித்தது எட்டாம் வகுப்பு வரை.

வயரை மாற்றி மாட்டினேன். அம்மா வந்து உட்கார்ந்தார். 'தொம்' என்று விழுந்ததும் அவர் விரல்கள் தொடையில் தாளம் போடத் தொடங்கின. ஒரு உருப்படி முடிந்த பிறகு, "கொஞ்சம் சத்தத்தைக் குறைடா" என்றார். மூன்று வாரம் ஏற்றி வைத்திருந்த பேஸ் குமிழை அப்போதுதான் நடுவுக்குக் கொண்டுவந்தேன்.

பள்ளி திறந்ததும் இதை வகுப்புக்குக் கொண்டுபோனேன். முதல் முறை நன்றாக வரவில்லை, அதையும் சொல்கிறேன். கரும்பலகையின் இரு ஓரங்களில் ஸ்பீக்கர்களை வைத்து, கைப்பேசிச் செயலி ஒன்றிலிருந்து 500 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்து, ஒன்றின் வயரை மாற்றினேன். "சத்தம் குறைந்ததா?" என்றேன். பாதிப் பேர் குறைந்தது என்றார்கள், பாதிப் பேர் கூடியது என்றார்கள். இரண்டுமே உண்மை. அலைநீளம் 70 சென்டிமீட்டர், ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒவ்வொரு பாதை வேறுபாடு, போதாததற்கு நான்கு சுவர்களின் எதிரொலிப்பு. இதுவும் பாடம்தான், ஆனால் அன்று நான் காட்ட நினைத்தது அதை இல்லை.

அடுத்த நாள் இரண்டு ஸ்பீக்கர்களையும் மேசை மேல் நேருக்கு நேராக, நான்கு விரல் இடைவெளியில் வைத்தேன். அதிர்வெண்ணை 100 ஹெர்ட்ஸுக்கு இறக்கினேன். ஒரே திசையில் மாட்டியபோது மேசை அதிர்ந்தது. ஒன்றை மாற்றி மாட்டியதும், இரண்டு கூம்புகளும் துடிப்பது விரல் வைத்தால் தெரிகிறது, ஒலி மட்டும் அடங்கிவிட்டது. முழு அமைதி வராது, எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பின்பெஞ்சுக்கும் வித்தியாசம் தெரியும். பிறகு ஒரு ஸ்பீக்கரின் வயரைக் கழற்றினேன். ஒன்றை எடுத்துவிட்டால் ஒலி கூடுகிறது! வகுப்பு கத்தியது. பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து எட்டிப் பார்த்தார்.

சத்தம் அடங்கியதும் ஒரு மாணவி கேட்டாள்: "அப்ப அந்த ஆற்றல் எங்க போச்சு சார்?"

இந்தக் கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது. அழிவு நடக்கும் இடத்தில் குறைந்தது ஆக்கம் நடக்கும் இடத்தில் கூடும், மொத்தம் மாறாது என்போம். ஸ்பீக்கர்கள் பலகையின் இரு ஓரத்தில் இருந்தபோது அது சரியான பதில். இங்கே அது பொருந்தாது. மூன்றரை மீட்டர் அலைக்கு நான்கு விரல் இடைவெளி ஒன்றுமே இல்லை. அறையில் எங்கே போனாலும் ஒலி குறைவுதான், கூடிய இடமே கிடையாது. எனக்கு உடனே பதில் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன்மா, எனக்கும் யோசிக்கணும்" என்றேன். இருபத்தோரு ஆண்டில் இந்த வாக்கியத்தை நான் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று எண்ண ஒரு கை விரல் போதும்.

பதில் இதுதான். ஒரு கூம்பு தள்ளும் காற்றை எதிரில் இருப்பது உள்ளே இழுத்துக்கொள்கிறது. காற்று இரண்டுக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கிறதே தவிர, அழுத்தமாகி வெளியே கிளம்புவதே இல்லை. ஒலியாக வெளியேறிய ஆற்றல் எங்கோ போய் மறையவில்லை. அந்த ஆற்றல் ஒலியாக வெளியேறவே இல்லை. ஸ்பீக்கருக்கு வந்த மின்னாற்றலில் பெரும்பகுதி எப்போதும் போலச் சுருளில் வெப்பமாகிறது.

இதை விளக்க மண்பானையைக் கொண்டுபோனேன். நம் ஊர்களில் ஸ்பீக்கரைப் பானை வாயில் பொருத்திப் பாட்டுக் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். பானை இல்லாமல் ஸ்பீக்கரைக் கையில் பிடித்தால் கிழிந்த தகரம் மாதிரி இருக்கும். கூம்பின் முன்பக்கம் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது, தாழ்ந்த ஒலிக்கு அந்தக் காற்று ஓரமாகச் சுற்றிப் போய்ச் சமனாகிவிடுகிறது. பானை பின்பக்கத்தை அடைத்துவிடுகிறது. அந்த மாணவி பானையைக் கையில் வாங்கி ஸ்பீக்கர் மேல் வைத்து எடுத்து, வைத்து எடுத்து, ஐந்து நிமிடம் யாரிடமும் கொடுக்கவில்லை.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். வயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிடுங்கள், கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டால் பெட்டி போய்விடும். ஆம்ப்ளிஃபையரை மாணவர் எதிரில் திறக்கவே வேண்டாம். செல் சோதனைக்கு ஒன்றரை வோல்ட் போதும், தொட்டு எடுத்துவிட வேண்டும். தொடக்கப் பள்ளியில் இந்தச் செல் சோதனை ஒன்றே போதுமானது. கூம்பைப் படுக்க வைத்துக் காகிதத் துண்டுகளைப் போட்டுச் செல்லைத் தொட்டால் துண்டுகள் துள்ளும், செல்லைத் திருப்பிப் பிடித்தால் கூம்பு கீழே இறங்கும். மூன்றாம் வகுப்புக் குழந்தை அரை மணி நேரம் விடாது.

அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று விசாரித்தேன். ஊரை விட்டுப் போய்விட்டார்கள் என்றார்கள். கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது. அலைகள் பாடத்தை இப்போது அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறேன். படம் அப்புறம்தான் வரும்.

பீரோவுக்குப் பின்னால் இருக்கும் ஒட்டை நான் பிரிக்கவில்லை. இந்த முனையில் கோடு போட்ட கம்பியின் மேல் சிவப்பு டேப்பை ஒரு சுற்று சுற்றி, ஏன் என்று ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அம்மா அனுமதியோடு அந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் இன்று கொண்டுவந்திருக்கிறேன். பின்னால் மேசை மேல் இருக்கின்றன, செல்லும் பானையும்கூட. தேநீர் இடைவேளையில் வந்து மாட்டிப் பாருங்கள். மாலைக்குள் வீட்டில் சேர்த்துவிட வேண்டும், நாளை காலை கச்சேரி இருக்கிறது.